மலையில் ஒரு விடுமுறை – 11: பையைக் காவல் காப்பவர்

கண்டியில் தீம் பார்க் கிடையாது. குளத்தில் படகுச் சவாரி உண்டு, சறுக்கும் ஊஞ்சலும் உள்ள சிறுவர் பூங்காக்கள் உண்டு, எப்போதாவது மைதானத்தில் கொட்டகை போடும் கானிவல் உண்டு. தண்ணீரில் வழுக்கி விழவும் இரும்புக் கூண்டில் சுழலவும் ஆசைப்பட்டால் கடுகண்ணாவை இறங்கி, கேகாலை தாண்டி, ஹங்வெல்லைக்கு அருகிலுள்ள லெஷர் வேர்ல்ட் வரை போகவேண்டும். டிசம்பர் விடுமுறையில் கம்பளை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வான் பிடித்துக்கொண்டு போவதும் உண்டு.

அந்த வானில் ஒருவர் ஒரு மாதமாக நாள் எண்ணியவர். பக்கத்திலிருப்பவர், "அங்க போய் என்ன பண்றது?" என்று முனகிக்கொண்டே ஏறியவர். இருவரும் ஒரே வீடு, ஒரே சாப்பாடு. சென்ற வாரம் நுவரெலியாவின் ஏப்ரல் நெரிசலைப் பார்த்தோம். இந்த வாரம் இந்த முனகலைப் பார்ப்போம்.

முதல் காரணம் காதுக்குள் இருக்கிறது. உடம்பு அசைகிறது என்று உட்காது சொல்ல, அசையவில்லை என்று கண் சொன்னால் வயிறு குழம்பும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. அதன்பின் கூடிக்கொண்டே போய் ஒன்பது, பத்து வயதில் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறைகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் அதிகம். றம்பொடை வளைவுகளில் சொப்பிங் பேக்கை வாயருகே பிடித்தபடி சத்தி எடுத்து வளர்ந்த ஒரு பெண்ணிடம், காசு கொடுத்துச் சுற்றினால் சந்தோஷம் வரும் என்று யார் போய்ச் சொல்வது?

இரண்டாவது, சுபாவம். மார்வின் ஸக்கர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1964இல் ஒரு வினாக்கொத்து வெளியிட்டார். புதுமையையும் ஆபத்தின் விளிம்பையும் தேடும் வேட்கை ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்பதை அளக்கும் முயற்சி அது. அந்த வேட்கை இளமையில் கூடி, வயதோடு தணிகிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. பிரெஞ்சுக்காரர் ரொஜர் கயுவா 1958இல் எழுதிய நூலில் விளையாட்டுகளை நான்காக வகுத்தார்: போட்டி, அதிர்ஷ்டம், வேடம், தலைசுற்றல். நான்காவதை விளையாட்டென்று ஏற்காதவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் முற்றத்தில் கையை விரித்துக்கொண்டு தானே சுற்றிச் சுற்றி விழுந்து சிரிக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

கண்டிச் சுற்றுவட்டாரத்தில் அந்த நான்காவது வகைக்கு ஒரு தலம் இருக்கிறது: கம்பளைக்கு மேலே அம்புலுவாவ. மலையே கடல்மட்டத்திலிருந்து 3,500 அடி உயரம். அதன் உச்சியில் வெள்ளைக் கோபுரம், அதன் வெளிப்புறத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும் படிகள். போகப்போகப் படி ஒடுங்கும். உச்சிக்குக் கிட்ட ஓர் ஆள் அகலம்தான். இறங்குகிறவருக்கு வழிவிட ஏறுகிறவர் சுவரோடு ஒட்டவேண்டும். காற்று அடித்தால் கோபுரமே ஆடுவதாகத் தோன்றும். கட்டியவர்கள் நினைத்தது பல்லுயிர்ச் சோலையும் சர்வமத வழிபாட்டிடங்களும். வருகிற இளைஞர் கூட்டமோ அதை இருக்கைப் பட்டி இல்லாத ராட்டினமாகத்தான் பயன்படுத்துகிறது.

கோபுரத்தின் அடியில் நின்று பாருங்கள். அரைவாசியில் திரும்பி வந்தவர்கள் வெட்கத்தோடு சிரிப்பார்கள். ஏறாமலே நிற்பவர்கள் இன்னொரு கூட்டம். "நீ வரலையாம்மா?" என்று பிள்ளை கேட்கும். "போயிட்டு வாங்க, பேக்க நான் பாத்துக்கிறேன்." தோளில் இரண்டு பை, கையில் யாருடையதோ செருப்பு, இடுப்பில் தூங்கும் கைக்குழந்தை. காதும் சுபாவமும் பாதிக் காரணந்தான். மீதிப் பாதி இந்த அம்மாவிடம் இருக்கிறது. குடும்பப் பயணத்தை வெறுப்பவர் யாரென்று தேடினால், பெரும்பாலும் அந்தப் பயணத்தில் வேலை செய்பவராகத்தான் இருக்கிறார்.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சோற்றுப் பார்சல் கட்டியவர் அவர். அந்த நாள் அவர் மனதில் எப்படித் தங்கும் என்று யோசித்தால், உளவியலாளர் டேனியல் கானமனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று நினைவுக்கு வருகிறது. குளிர்நீரில் ஒரு நிமிடம் கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே ஒரு நிமிடத்தோடு, சற்றே குளிர் குறைந்த நீரில் மேலும் அரை நிமிடம். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்ட வேதனையையே தேர்ந்தார்கள், முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். அனுபவத்தின் உச்சமும் முடிவுமே நினைவில் தங்குகின்றன என்பது அவர்கள் கண்டது. பிள்ளைக்கு முடிவு, வானில் அப்பாவின் மடியில் தூக்கம். அம்மாவுக்கு முடிவு, இரவு பதினொரு மணிக்குச் சேறு பிடித்த துணியும் புளித்த சோற்று டப்பாவும். ஒரே பயணத்தை இருவரும் ஒரேமாதிரி நினைவு வைத்திருக்க முடியுமா?

செலவை எண்ணுபவரும் ஒருவர் இருப்பார். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. நாலு டிக்கட், வான் பங்கு, ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் எத்தனை நாள் வேலைக்குப் போனால் ஈடுகட்டலாம் என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டே சுழல்கிறவருக்குத் தலைசுற்றல் ராட்டினத்தால் வந்ததல்ல.

எதிர்ச்சாட்சியும் உண்டு. பாரிஸிலும் சூரிச்சிலும் வாழும் நம் பெண்கள் பலர் 1992இல் திறந்த பாரிஸ் டிஸ்னிலாண்டையும், ஜெர்மனியின் ரூஸ்ட் ஊரிலுள்ள யூரோப்பா பார்க்கையும் பிள்ளைகளைவிட ஆசையாகப் பேசுவார்கள். கேட்டால், "அண்டைக்குச் சமைக்கத் தேவையில்லைத்தானே" என்பார்கள். வேலை கழன்றால் வெறுப்பும் கழன்றுவிடுகிறது.

வால்ட் டிஸ்னிக்கே யோசனை பிறந்தது ஒரு வாங்கில்தான் என்பார்கள். லொஸ் ஏஞ்சலீஸில் மகள்மார் குதிரை ராட்டினத்தில் சுற்ற, வெளியே உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தவருக்கு, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டுமென்று தோன்றியதாம். 1955 ஜூலை 17இல் டிஸ்னிலாண்ட் திறந்தது. வாங்கில் உட்கார்ந்திருப்பவரின் அலுப்பிலிருந்து பிறந்த தொழில், எழுபது ஆண்டுகளாகியும் அவரை வாங்கிலிருந்து எழுப்பிவிடவில்லை.

கண்டிக்கு இந்தச் சிக்கலுக்குப் பழைய விடை ஒன்று தெரியும். எசல பெரஹராவுக்குக் குடும்பங்கள் மத்தியானமே வந்து நடைபாதையில் பாய் விரிக்கின்றன. காத்திருக்கும் நேரம் ஐந்தாறு மணி. சும்மா நிற்கும் நேரம் நீளும், கைவேலையோடு கழியும் நேரம் குறுகும். தனியே காத்திருப்பதைவிடக் கூட்டமாகக் காத்திருப்பது எளிது என்று மேலாண்மை ஆய்வாளர் டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதினார். கடலைச் சுருளும் தேத்தண்ணீர் பிளாஸ்கும் ஊர்க்கதையுமாக உட்கார்ந்திருக்கும் கண்டியாருக்கு அதைச் சொல்ல ஆள் தேவையில்லை. முக்கியமான வித்தியாசம் வேறு. தீம் பார்க்கில் ஆள் எழுந்து வேடிக்கையிடம் போகவேண்டும். இங்கே வேடிக்கை ஆளிடம் வருகிறது. பையைக் காவல் காக்கும் ஆச்சிக்கும் அதே யானை, அதே தீவட்டி, அதே சாட்டையடி.

பேராதனைப் பூங்காவும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1821இல் அலெக்ஸாண்டர் மூன் தொடங்கி வைத்த தோட்டம், 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் கண்டிக்கும் வந்து அங்கே நுழையும்போது வாசலிலேயே கூத்து தொடங்கும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. பெரியப்பா எல்லோரையும் வாயைத் திறக்காமல் நிற்கச் சொல்வார், பேரன் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுக் காட்டிக்கொடுப்பான். உள்ளே பெரிய புல்வெளியில் கிளைகளைத் தரைவரை விரித்த ஜாவா அத்திமரத்தடியில் பெரியவர்கள் சாய்ந்துவிடுவார்கள். பதினைந்து வயதுக்காரருக்கு அது தண்டனை. மேலே தொங்கும் வௌவால்களையும் ஆற்றின்மேல் ஆடும் தொங்குபாலத்தையும் பார்த்து முடித்தால் அவர்களுக்குப் போனைத் தவிர வேறில்லை. அவர்கள் முறைப்பாடும் நியாயமானதே. ஒருநாள் அத்திமரம் என்றால் இன்னொரு நாள் அம்புலுவாவ என்று பங்கு பிரிப்பதில் எந்தப் பெரியவரும் குறைந்துபோக மாட்டார்.

கண்டியைச் சுற்றி எங்காவது தீம் பார்க் கட்டலாம் என்று யாராவது வரைபடம் கொண்டுவந்தால், ராட்டினத்தின் உயரத்தைப் பார்ப்பதற்கு முன் அதிகாரிகள் இரண்டைத் தேடட்டும்: ஏறாதவர்களுக்கு நிழலில் இருக்கை, பூட்டிவைக்க ஒரு பை அறை. அதுவரை, வாசகர்களே, உங்கள் வீட்டுப் பயணங்களில் பை யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த வாரம் பின்னவலைக்குப் போகிறோம். 1975இல் தொடங்கிய யானைகள் காப்பகத்துக்கு. கடிதங்களையும் அங்கே சேர்த்துக்கொள்கிறேன்.