துப்பாக்கி: வைத்திருப்பதா, விடுவதா?

வாங்கிய துப்பாக்கியே வீட்டில் அச்சமாகிவிட்டதென வருந்திய நண்பரொருவர் என்னிடம் யோசனை கேட்டார். முதலில் தேவையை ஆராய்க என்றேன். வேட்டைக்கெனில், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991-இல் திருத்தப்பட்டபின் பொழுதுபோக்கு வேட்டைக்கு உரிமமே கிடையாது. காவலுக்கெனில், குழந்தைகள் உள்ள வீட்டில் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி வைத்தல் வேண்டும். திருடனோ அவற்றைத் திறக்கும்வரை காத்திரான்.

விட நினைப்பவர் கண்டவரிடம் கொடுத்துவிட இயலாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் பெற்ற வேறொருவருக்கு விற்பதாயின், மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் அறிவித்து 45 நாள் பொறுத்திருத்தல் வேண்டும். உரிமம் காலாவதியானால், தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தல் கடமை.

தேவையில்லையேல் விடுவதே நன்று. கொடுத்த விலையை எண்ணி ஆபத்தைக் காத்துக் கிடப்பது அறிவுடைமையாகாது.