எம், கே, அரைப்புள்ளி, கே, எச்

உறவுக்காரர் ஒருவர் போன மாதம் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய அப்பா இருபது வருடத்துக்கு முன்னால் டிடிபி கடையில் உட்கார்ந்து, தான் சொல்லச் சொல்ல அடிக்கவைத்து வாங்கிய ஊர் வரலாறு அதில் இருந்தது. நாற்பது பக்கம். அப்பா இப்போது இல்லை. கையெழுத்துப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது இந்தக் கோப்பு மட்டும்தான். திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கிலச் சின்ன எழுத்துகள், நடுநடுவே பெரிய எழுத்துகள், எங்கு பார்த்தாலும் அரைப்புள்ளி. “வைரஸ் ஏதும் தின்னுடுச்சாப்பா?” என்று கேட்டார்.

முதல் பக்கத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஒரு சொல் தனியாகக் கண்ணில் பட்டது. டிடிபி கடைகளில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர்கள் இதை அப்படியே வாசித்துவிடுவார்கள். அது ‘அம்மா’. புத்தகத்தை அம்மாவுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார் மனிதர்.

கோப்பு கெட்டுப்போகவில்லை. நடந்தது என்னவென்று புரிந்துகொள்ள, கணினி எழுத்தை எப்படிச் சேமிக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அதற்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. 1960களில் அமெரிக்காவில் உருவான ஆஸ்கி என்ற பட்டியலில் 128 இடங்கள். ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக் குறிகளோடு அது நிரம்பிவிட்டது. ‘எம்’ என்ற சின்ன எழுத்துக்கு 109, ‘கே’வுக்கு 107, அரைப்புள்ளிக்கு 59, ‘எச்’சுக்கு 104. தமிழுக்கு அங்கே இடமே கிடையாது.

இடம் இல்லாத ஊரில் நம்மவர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். ஃபான்ட் என்பது என்ன? ஒவ்வொரு எண்ணுக்கும் திரையில் எந்தப் படத்தை வரைய வேண்டும் என்று சொல்லும் படத் தொகுப்பு. அந்தப் படங்களை மட்டும் மாற்றிவிட்டால்? 109-க்கு எதிரே ‘அ’ படம். 107-க்கு எதிரே ‘ம’ படம். 59-க்குப் புள்ளி, 104-க்குத் துணைக்கால். கணினி இன்னமும் தான் ஆங்கிலம் எழுதுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். பார்க்கிற நமக்கு மட்டும் தமிழ் தெரியும். இலங்கையிலும் புலம்பெயர்ந்தவர்களிடமும் பெரிதாகப் பரவிய பாமினி எழுத்துரு இப்படித்தான் வேலை செய்தது. உறவினரின் கோப்பும் பாமினிதான். அவருடைய புதிய மடிக்கணினியில் அந்த எழுத்துரு இல்லை. அதனால் கணினி தனக்குத் தெரிந்ததை, அதாவது ஆங்கில எழுத்துகளையே காட்டிவிட்டது. முகமூடி கழன்றது, அவ்வளவுதான்.

இந்தக் குறுக்குவழியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொண்ணூறுகளில் கணினியில் தமிழில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடிக்க வேறு வழி இல்லை. சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு எண்களைப் பங்கு போட்டார்கள். ஒருவரின் ‘அ’ இன்னொருவரின் ‘ழ’. ஒரு பத்திரிகையின் இணையதளத்தைப் படிக்க ஓர் எழுத்துரு, பக்கத்துப் பத்திரிகையைப் படிக்க இன்னொன்று என்று இறக்கி நிறுவிக்கொண்டிருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இதற்கு ஒரு முடிவு கட்டப் பார்த்தது. டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் அங்கிருந்து வந்தவை. விசைப்பலகை இன்றும் உயிரோடு இருக்கிறது. நியாயமாக இருக்கத்தான் வேண்டும். ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும் அளவுக்கு யோசித்துச் செய்தது அது. டாமும் டாப்பும் பழைய அரசுக் கோப்புகளில் தூங்குகின்றன.

யூனிகோடு என்னும் ஒருங்குறி வேறு கோணத்திலிருந்து வந்தது. உலகத்தின் எல்லா எழுத்துகளுக்கும் ஒரே பட்டியல், ஓர் எண்ணுக்கு ஒரே பொருள். 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. அதில் ‘அம்மா’ என்றால் 2949, 2990, 3021, 2990, 3006. அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால். பாமினியிலும் ஐந்து எண், இங்கேயும் ஐந்து எண், வரிசைகூட அதேதான். ஆனால் 2949 என்பது எந்த எழுத்துருவில், எந்த நாட்டுக் கணினியில் திறந்தாலும் அகரம்தான். எழுத்துரு மாறினால் அழகு மாறும், சொல் மாறாது. தேடுபொறி கண்டுபிடிக்கும். கைபேசி வாசித்துக் காட்டும்.

அப்படியானால் பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதிய எண்ணைப் போட்டால் வேலை முடிந்ததுதானே? ‘அம்மா’வுக்கு முடிந்துவிடும். ‘கொக்கு’ என்று வந்தால் முடியாது. பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிக்க வேண்டும்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு துணைக்கால். தட்டச்சுப் பொறியில் பழகிய கைக்கு இது இயல்பு. பொறி இடமிருந்து வலமாக அடித்துக்கொண்டே போகும், அதற்கு ஒலி தெரியாது. ஒருங்குறியோ ஒலி வரிசையில் சேமிக்கிறது: முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. கொம்பைப் பிரித்து எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது திரையில் காட்டும் மென்பொருளின் பொறுப்பு. விண்டோஸில் இது 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து தமிழுக்குக் கிடைத்தது. லதா என்ற எழுத்துருவைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்தப் பொறுப்பை எல்லா மென்பொருளும் ஏற்றுக்கொள்வதில்லை. ஊரில் சில ஃபிளெக்ஸ் பேனர்களில் ‘வாழ்க’ சரியாக இருக்கும், ‘வேண்டும்’ மட்டும் இரட்டைக்கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு, கூடவே ஒரு புள்ளி வட்டத்தையும் சுமந்து நிற்கும். வடிவமைத்தவருக்குத் தமிழ் தெரியாது என்று நாம் திட்டுகிறோம். பெரும்பாலும் அவர் பாவம், சரியாகத்தான் அடித்திருப்பார். படம் வரையும் அந்த மென்பொருள், சேமித்த வரிசையிலேயே குறிகளை அடுக்கி வைத்துவிட்டது. பல வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கென்று ஒரு தேர்வு அமைப்புகளுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும், அதை இயக்கினால் சரியாகிவிடும். அதைத் தேடி அலுத்துப்போய்த்தான் பல அச்சகங்கள் இன்னமும் பழைய எழுத்துருவையே கட்டிக்கொண்டு அழுகின்றன.

எழுத்துகளைக் கோத்துக் காட்டும் இந்த வேலை பெரிய நிறுவனங்களுக்கும் எளிதல்ல. 2018 பிப்ரவரியில் ஒரேயொரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோனில் செய்தியாக வந்து விழுந்ததும் செயலிகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. ஆப்பிள் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது.

இனி எனக்கு மிகவும் பிடித்த குழப்பத்துக்கு வருகிறேன். அச்சில் ‘ர்’ என்ற எழுத்தை உற்றுப் பாருங்கள். பல எழுத்துருக்களில் ரகரத்தின் கீழ்ச்சாய்வு அதில் இருக்காது. துணைக்காலின் தலையில் புள்ளி வைத்தது போலவே இருக்கும். ‘ரி’யும் அப்படித்தான். பாமினி இதைப் பயன்படுத்திக்கொண்டு ஓரிடத்தைச் சேமித்தது. அங்கே ‘ர்’ அடிக்கத் துணைக்காலையும் புள்ளியையும் அடிக்க வேண்டும். இதைக் கவனிக்காத மாற்றி மென்பொருள் எண்ணுக்கு எண் மாற்றும்போது ‘அவர்கள்’ என்ற சொல் ‘அவா்கள்’ ஆகிவிடுகிறது. இந்த இரண்டையும் அச்சில் பார்த்தால் உங்களுக்கு வித்தியாசமே தெரியாமல் போகலாம். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். நீங்கள் ‘அவர்கள்’ என்று தேடினால் இரண்டாவது கிடைக்காது. இணையத்தில் தமிழ்ச் செய்திகளை அலசிப் பாருங்கள், கால்மேல் புள்ளி வைத்த இந்தப் போலி ரகரம் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். தமிழ் இலக்கணப்படி துணைக்காலுக்குப் புள்ளி வரவே வராது. ஆகவே அப்படி எங்கே வந்தாலும் அது ‘ர்’தான் என்று மாற்றிக்கு ஒரே ஒரு விதி சொல்லிக்கொடுத்தால் போதும். அதைக்கூடச் செய்யாமல் விட்டவர்களை என்ன சொல்ல!

‘ஔ’ இன்னொரு தலைவலி. அது ஓர் எழுத்து, அதற்கு ஓர் எண். ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரத்தை அடித்து ‘ஒள’ என்று விட்டாலும் பார்வைக்கு ஏறக்குறைய அதுவேதான். ‘ஔவையார்’ தேடிக் கிடைக்காதவர்கள் ‘ஒளவையார்’ என்றும் ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.

பிடிஎஃப் பற்றிக் கேட்காத ஆளில்லை. அரசாணை ஒன்றைத் திறந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக விழுகிறதே, ஏன்? பிடிஎஃப் அடிப்படையில் ஓர் அச்சுத் தாள். இந்த இடத்தில் இந்தப் படத்தை வரை என்ற கட்டளைகளின் தொகுப்பு. எந்தப் படம் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணையை அதற்குள் சேர்த்து வைக்கலாம். சேர்த்திருந்தால் நகல் ஒழுங்காக வரும். அட்டவணை இல்லாவிட்டாலோ, மூலமே பழைய எழுத்துருவில் இருந்தாலோ திரையில் தெரிவது ஒன்று, கையில் வருவது வேறு. அந்த மாதிரி கோப்புகளில் நேரத்தை வீணாக்காமல், பக்கத்தைப் படமாக எடுத்து, படத்திலிருந்து எழுத்தை உணரும் செயலியிடம் கொடுப்பதே மேல். கூகுள் லென்ஸ் அச்சுத் தமிழைப் பெரும்பாலும் பிழையின்றிப் படித்துவிடுகிறது.

குறுஞ்செய்திக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும். தமிழ் ஓர் எழுத்து கலந்தாலும் முழுச் செய்தியும் ஒருங்குறிக்கு மாறி 70 ஆகச் சுருங்கிவிடும். அந்த 70-இலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனிக் கணக்கு.

இங்கேதான் பழைய சண்டை ஒன்று எட்டிப் பார்க்கிறது. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையெல்லாம் வந்திருக்குமா என்று தமிழறிஞர்களும் கணினி வல்லுநர்களும் கேட்டார்கள். ஒருங்குறி தமிழுக்கு ஒதுக்கிய கட்டம் 128 இடம்தான். அதுவும் இந்திய மொழிகளுக்கென 1988-இல் வகுத்த இஸ்கி முறையைப் பார்த்துப் போட்டது. உயிர்மெய்யை உடைத்து வைப்பது நம் எழுத்தின் இயல்புக்குப் பொருந்தாது என்பது அவர்கள் வாதம். டேஸ்16 என்ற அனைத்து எழுத்துக் குறியீடு அப்படிப் பிறந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு அதையும் தரமாக ஏற்றது. அந்த வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. சேமிக்கும் இடம் அதில் குறையும், கையாளும் எளிமை கூடும் என்பது உண்மை. ஆனால் கைபேசி, தேடுபொறி, வங்கிச் செயலி என்று எல்லாம் ஒருங்குறியில் பேசத் தொடங்கிய பிறகு இரண்டாவது தரம் என்பது இன்னொரு பாமினியாகத்தான் முடியும். மியான்மரைப் பார்த்தால் போதும். ஸாவ்ஜி என்ற தனி எழுத்துருவில் நாடே எழுதிப் பழகி, ஒருங்குறிக்காரர்களும் ஸாவ்ஜிக்காரர்களும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாமல் தவித்து, கடைசியில் 2019 அக்டோபர் 1-ஆம் தேதியை அரசே மாற்ற நாளாக அறிவிக்க வேண்டியிருந்தது.

வீட்டில் பழைய கோப்பு வைத்திருப்பவர்களுக்குச் சில கைவழிகள். முதலில் எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடியுங்கள். வேர்டு கோப்பாக இருந்தால், அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் மேலே உள்ள பெட்டியில் அதன் பெயர் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நோட்பேடு கோப்பில் பெயர் இருக்காது, ஊகிக்கத்தான் வேண்டும். பெயர் தெரிந்துவிட்டால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. பாமினி, டாப், டாம், டிஸ்கி போன்ற பழைய முறைகள் எல்லாவற்றையும் ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிடும். மாற்றிய பின் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மாற்றியின் தவறு ஆறு மாதம் கழித்துத்தான் கண்ணில் படும்.

இன்னொன்று. பழைய கோப்பில் ஆங்கிலச் சொற்களும் கலந்திருந்தால் அவற்றை முன்கூட்டியே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். வேர்டில் அவை வேறு எழுத்துருவில் இருக்கும். மொத்தமாக நகலெடுத்து மாற்றியில் ஒட்டியதும் எழுத்துரு விவரம் உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு எது நிஜ ஆங்கிலம், எது வேடமிட்ட தமிழ் என்று மாற்றிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும்.

உறவினரின் கோப்பில் நான் அதைத்தான் மறந்தேன். நாற்பது பக்கமும் ஐந்து நிமிடத்தில் தமிழாகி நின்றது. குளத்தின் பெயர்கள், கோயில் சண்டை, 1977 புயலில் சாய்ந்த புளியமரங்கள் எல்லாம் பத்திரம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முகப்பிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அப்பா பெயருக்குப் பின்னால் வந்ததும் நிறுத்திவிட்டார். அங்கே ‘டீ.யு.’ என்றிருந்தது.

அது என்ன பட்டம் என்று கேட்டார். பி.ஏ. என்றேன்.

“அப்பா டீயே குடிக்கமாட்டாரேப்பா” என்றார்.