'காணும்' என்று சொல்லும் துண்டுகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு கலியாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வளவின் பின்பக்கம் கிடுகால் வேய்ந்த சமையற் கொட்டில். உள்ளே அடுப்புகளில் கிடாரங்கள் கொதிக்கின்றன. சமைக்கப் பத்துப் பேர் நின்றாலும், சாப்பாட்டைக் காப்பாற்றுகிறவர் வாசலில் நின்று "உப்புக் காணும், இனிப் போட வேணாம்" என்று சொல்லும் பெரியம்மாதான். மூளையின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் இப்படிக் 'காணும்' சொல்கிற சின்னஞ்சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றுக்கு மைக்ரோ ஆர்என்ஏ என்று பெயர். அல்சைமர் என்னும் மறதி நோயில் இவற்றுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க, கொட்டிலைப் படிப்படியாகச் சுற்றி வருவோம்.

முதலில் வீட்டின் உள்ளறை. அங்கே பரம்பரையாக வந்த சமையற் புத்தகம் ஒன்று பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உயிரணுவில் அந்த அறை கரு, புத்தகம் டிஎன்ஏ. புரதம் செய்வதற்கான குறிப்புகளே அதில் ஏறத்தாழ 20,000 உண்டு. புத்தகம் அறையை விட்டு வெளியே வராது. ஆகவே வேண்டிய குறிப்பை மட்டும் ஒரு தாளில் பிரதி எடுத்துக் கொட்டிலுக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தாள்தான் தூது ஆர்என்ஏ. பிறகு கொட்டிலில் நிற்கும் சமையற்காரர், அதாவது ரைபோசோம், தாளை வாசித்துப் புரதத்தைச் சமைக்கிறார். தாள் கண்முன் தொங்கும்வரை அதே கறியைத் திரும்பத் திரும்ப ஆக்கிக்கொண்டே இருப்பார். போதுமா என்று அவர் யாரையும் கேட்பதில்லை.

அதனால்தான் பெரியம்மா தேவைப்படுகிறார். அவர் கையில் இருக்கும் சிறு துண்டுதான் மைக்ரோ ஆர்என்ஏ; அதுவும் அதே புத்தகத்திலிருந்தே வருகிறது. முதலில் அது நீளமான ஓர் ஆர்என்ஏ இழையாகப் பிரதியாகி, நடுவில் மடங்கித் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிறது. பிறகு ட்ரோஷா என்ற நொதி, மீனுக்குத் தலையும் வாலும் வெட்டுவதுபோல, உள்ளறையிலேயே வேண்டாத பகுதிகளை நறுக்குகிறது. அடுத்து வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் டைசர் என்ற நொதி இன்னொரு தடவை வெட்டுகிறது. கடைசியில் மிஞ்சுவது ஏறத்தாழ 22 எழுத்துகள் கொண்ட துண்டு. அந்தத் துண்டைக் கையில் பிடித்துக்கொள்ளும் ஆர்கொனோட் என்ற புரதம்தான் நம் பெரியம்மா.

இப்போது அவர் தொங்கும் தாள்களின் அடிப்பகுதியைத் தடவிப் பார்க்கிறார். துண்டின் முன்பக்கத்து ஏழெட்டு எழுத்துகள் தாளின் அடியில் உள்ள எழுத்துகளோடு பொருந்தினால் போதும். உடனே சமையல் மந்தமாகிறது; தாளும் மெல்லச் சிதைந்து போகிறது. முழுக்க நிறுத்துவது அரிது, பெரும்பாலும் கொஞ்சம் குறைப்பதுதான். ஏழெட்டு எழுத்துப் பொருத்தம் பல தாள்களில் கிடைக்கும் என்பதால், ஒரே துண்டு நூற்றுக்கணக்கான தாள்களை அடக்கக்கூடும். இந்தச் சிக்கனம் எனக்குப் பெரிய அதிசயமாகவே படுகிறது.

இதை முதலில் கண்டது ஒரு மில்லிமீற்றர் நீளமான புழுவில். 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விக்டர் அம்புரோசும் கரி ருவ்கனும் தனித்தனியே வெளியிட்டார்கள். புழுவுக்கு மட்டும் உரிய விசித்திரம் என்றுதான் பலர் அன்று நினைத்தார்கள். 2000இல் மனிதரிலும் அப்படியொரு துண்டு இருப்பது தெரிந்த பிறகே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 2024இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இனி நோய்க்கு வருவோம். அல்சைமர் நோயாளியின் மூளையில் இரண்டு குப்பைகள் சேர்கின்றன: உயிரணுக்களுக்கு வெளியே அமிலோயிட் படிவு, உள்ளே டவ் என்ற புரதத்தின் சிக்கல். மிகச் சில குடும்பங்களை விட்டால், இந்த நோயாளிகளின் புத்தகத்தில் நோயை நேரடியாக எழுதிவைத்த பிழை ஏதும் இல்லை. ஆகவே அளவு பார்க்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் தேடினார்கள்.

முதலில் அமிலோயிட். நரம்பணுவின் மேற்பரப்பில் ஏபிபி என்ற நீளமான புரதம் உண்டு. பேஸ்-1 என்ற கத்தி அதை ஓரிடத்தில் வெட்ட, இன்னொரு கத்தி அடுத்த இடத்தில் வெட்ட, ஒட்டும் தன்மையுள்ள கழிவுத் துண்டு ஒன்று உதிர்கிறது. கொட்டிலில் செதிலும் குடலும் வாய்க்காலில் அடைத்துக்கொள்வதுபோல அது சேர்ந்து படிகிறது. பேஸ்-1 கத்தியும் தாள் பார்த்துச் செய்யப்படும் ஒரு புரதம்தான். அந்தத் தாளுக்குக் 'காணும்' சொல்வது மிர்-29 என்ற மைக்ரோ ஆர்என்ஏக் குடும்பத்துத் துண்டுகள். பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் 2008இல், பேஸ்-1 மிகையாக இருந்த அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இந்தத் துண்டுகள் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். சொல்கிற ஆள் இல்லை, கத்தி பெருகியது, கழிவும் பெருகியது.

அடுத்து டவ். கொட்டிலின் கம்புகளை இறுக்கிக் கட்டியிருக்கும் கயிறுபோல, நரம்பணுவின் உள்கட்டமைப்பைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் புரதம். அது முறையாகச் செய்யப்படுவதில் மிர்-132 என்ற துண்டுக்குப் பங்குண்டு. நோயாளிகளின் மூளையில் திரும்பத் திரும்பக் குறைவாகக் காணப்பட்ட துண்டும் இதுதான். கட்டு தளர்கிறது, அவிழ்ந்த கயிறுகள் ஒன்றோடொன்று சிக்குப்படுகின்றன.

மூன்றாவது, நெருப்பு. மிர்-146எ என்ற துண்டின் வழக்கமான வேலை மூளையின் அழற்சியைத் தணிப்பது. அல்சைமரில் இது கூடுகிறது. கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அடுப்புக்குத் தண்ணீர் தெளித்து அடக்குகிற வேறொரு புரதத்தின் தாளையும் இது நிறுத்திவிடுகிறது. ஆகவே துண்டு குறைந்தாலும் கெடுதி, மிஞ்சினாலும் கெடுதி.

இங்கே ஒரு கேள்வியை விட்டுவிடக் கூடாது. இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை இறந்தவர்களின் மூளையில் எடுத்தவை. கலியாணம் முடிந்த மறுநாள் கொட்டிலைப் பார்த்து எது முதலில் கெட்டது என்று சொல்வது கடினம். நரம்பணுக்கள் அழிவதாலும் துண்டுகள் குறையலாம். அதனால்தான் 2021இல் வந்த எலி ஆய்வை முக்கியமாகக் கருதுகிறேன். அல்சைமர் மாதிரி எலிகளுக்கு மிர்-132ஐத் திரும்பக் கொடுத்தபோது, நினைவுக்குப் பொறுப்பான பகுதியில் புதிய நரம்பணுக்கள் உருவாவது மீண்டது, நினைவாற்றலும் தேறியது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று இன்னும் சொல்ல முடியாது. ஒரே துண்டு நூறு தாள்களைத் தொடும் என்பதால், மருந்தாகக் கொடுத்தால் நிற்கக் கூடாத கறியும் நின்றுவிடலாம். மூளைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் சுலபமில்லை.

நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க இந்தத் துண்டுகள் உதவுமா என்ற தேடலும் நடக்கிறது. இவை இரத்தத்திலும் கண்ணீரிலும்கூட மிதக்கின்றன. 2023இல் கனடாவின் வன்கூவரில் நடந்த ஆய்வு, எலிகளின் மூளை, கண், கண்ணீர் ஆகியவற்றில் பத்துத் துண்டுகளை ஒப்பிட்டது. இதை முன்னின்று எழுதிய விஜேசிங்க, அதற்கு முன் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகக் குழுவில் இலங்கை முதியவர்களின் மூளைகளை ஆராய்ந்தவர். 2016இல் வெளியான அந்த இலங்கை ஆய்வு, அல்சைமர் மாற்றங்களோடு இரத்தக் குழாய்ப் பாதிப்புக்கும் தொடர்பு உண்டா என்று தேடியது. இரத்தக் குழாய்களைக் கெடுக்கும் பிறஷரும் சீனி வருத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊருக்கு இது நேரடியாகப் படுகிற கேள்வி.

மைக்ரோ ஆர்என்ஏவைச் சரிசெய்து அல்சைமரை மாற்றும் மருந்து இன்று எந்தக் கடையிலும் இல்லை. உண்டென்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஆனால் வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ சொன்னதையே சொன்னால், பழகிய பாதையில் தடுமாறினால், வயது போனால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. போகும்போது அவர் குடிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.