கடைக்கு வெளியே போகும் ஒயர்

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பாரிவேட்டைக்காகப் பழையசீவரம் எழுந்தருளுகிறார். அன்றைக்குச் சாலையோரம் பொரிக்கடை, வளையல் கடை, கரும்புக் கட்டு என்று திடீர்க் கடைவீதியே முளைத்து விடும். பொழுது சாய்ந்தால், "அண்ணே, ஒரு பல்புக்கு மட்டும் கரண்ட் கொடுங்க" என்று கேட்பார்கள். மளிகைக் கடைக்காரர் எப்படி மறுப்பார்?

மறுக்கத்தான் வேண்டும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி, இணைப்பு பெற்ற இடத்தை விட்டு வேறு இடத்துக்கு மின்சாரம் கொடுப்பது அனுமதியற்ற உபயோகம். கட்டணம் இரு மடங்கு. அது பணத்தோடு போகும். ஒட்டுப் போட்ட ஒயரை ஈரத் தரையில் யாராவது மிதித்து விட்டால்? 161ஆவது பிரிவின்படி விபத்தை மின் ஆய்வாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். உயிர் போயிருந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல், 48 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் அறிக்கை. மாடு இறந்தாலும் இதே கதைதான். ஆய்வாளர் வருமுன் ஒயரைச் சுருட்டி ஒளித்து வைப்பவர் தமக்கே குழி தோண்டிக் கொள்கிறார். மெயினை அணைத்து விட்டு மற்றதை அப்படியே விட்டு வைப்பதே நல்லது.

திருவிழாவும் மின்சாரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டார்கள். விளக்கு தேவைப்படும் கடைக்காரரைத் தற்காலிக இணைப்புக்கு மின்வாரிய அலுவலகத்தில் மனுச் செய்யச் சொல்லுங்கள்.

இனி கடைக்குள் வருவோம். "ஃபியூஸ் இருக்கிறதே" என்று பல வியாபாரிகள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஃபியூஸ் காப்பது ஒயரை, ஆளை அல்ல. ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு ஆளைக் கொல்லப் போதும். 5 ஆம்பியர் ஃபியூஸ் அதற்கெல்லாம் அசையாது. அதிலும் சிலர் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார்கள்! எர்த் இல்லாத ஃபிரிட்ஜ், ஒயர் உரசும் இரும்பு ஷட்டர் இரண்டும் எமன்கள்.

ஆர்.சி.டி. என்னும் கருவி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்து விடும். இரண்டு கம்பிகளையும் ஒரு சேரப் பிடித்தவரை அது காப்பாற்றாது என்பதையும் சொல்லி விட வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். கடை இருட்டாகவில்லை என்றால் அன்றைக்கே ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.