சதுரங்கத்துக்காகக் கடல் கடந்த தம்பதியர்

வத்தளையில் வாழ்பவர்களுக்கு வழியனுப்பும் காட்சி புதிதன்று. 2013ஆம் ஆண்டில் அதிவேகப் பாதை திறக்கப்படும்வரை, கொழும்பிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் செல்லும் வாகனங்களிற் பெரும்பாலானவை எமது நீர்கொழும்பு வீதி வழியாகவே போயின. கூரையிலே கட்டிய பெட்டிகளைக் கொண்டே, உழைக்கப் போகிறவர் யார், குடியேறப் போகிறவர் யார் என்று ஊகித்துவிடும் வல்லவர்கள் இங்கே உண்டு. உத்தியோகத்துக்காகப் போனார்கள், படிப்புக்காகப் போனார்கள், யுத்தத்துக்கு அஞ்சியும் போனார்கள். ஆனால், ஒரு விளையாட்டையே தொழிலாக வரித்துக்கொண்டு, கணவனும் மனைவியுமாக வேற்று நாட்டிலே குடித்தனம் நடத்தப் புறப்பட்டவர்களை நாம் அதிகம் கண்டதில்லை.

விளையாட்டுக்காகப் புறப்பட்டவர்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1960களில் ஸ்ரான்லி ஜயசிங்கவும் கிளைவ் இன்மனும் இங்கிலாந்து சென்று லெஸ்டர்ஷயர் அணியிலே கிரிக்கெட் ஆடினார்கள். கிரிக்கெட்டினாற் சீவிக்கும் வழி அந்நாளைய இலங்கையில் இருக்கவில்லை. எமது நாட்டுக்கு ரெஸ்ற் அந்தஸ்துக் கிடைத்ததே 1981இல் அல்லவா? ஆயினும், தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையாக நாம் இங்கே சொல்ல விரும்புவது சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த், அவர் மனைவி அருணா ஆகிய இருவரின் கதையை.

ஆனந்த் 1969இல் மயிலாடுதுறையிலே பிறந்தவர், சென்னையில் வளர்ந்தவர். ஆறு வயதிலே தாயார் சுசீலாவிடம் காய் நகர்த்தக் கற்றார். ரயில்வே உத்தியோகத்தரான தந்தையார் அலுவல் நிமித்தம் மணிலாவுக்குச் சென்றபோது, குடும்பமும் உடன் சென்றது. பிலிப்பைன்ஸ் தேசத்திலே சதுரங்க மோகம் மிகுந்திருந்த காலம் அது. தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களைத் தாயார் எழுதி வைப்பார். பாடசாலையால் வந்த பிள்ளை அவற்றை அவருடன் இருந்து விடுவிப்பான். 1987இல் உலக இளையோர் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு இந்தியாவின் முதலாவது கிராண்ட்மாஸ்டர் என்ற சிறப்பும் வந்து சேர்ந்தது.

அதன் பின்னரே இடர்ப்பாடு தொடங்கிற்று. அக்காலத்துப் பெரும் போட்டிகளிற் பெரும்பாலானவை ஐரோப்பாவிலே நடந்தன. ஜனவரியில் ஒல்லாந்தின் வைக் ஆன் ஸீ, அடுத்து ஸ்பெயினின் லினாரெஸ், பிறகு மொனாக்கோ, ஆடி மாதத்தில் ஜெர்மனியின் டோட்மண்ட். இந்தியக் கடவுச்சீட்டுடன் ஒவ்வொரு நாட்டு விசாவுக்கும் காத்திருப்பதும், நெடுந்தூரம் பறந்து இறங்கிய களைப்போடு மேசைக்கு முன் அமர்வதும், அண்டை ஊரிலிருந்து ரயிலேறி வந்தவனுக்கு எதிரே ஆடுவதும் எவ்வளவு பெரிய நட்டம்! பயிற்சிக்குத் துணையாகக்கூடிய வல்லுநர்களும் அங்கேதான் இருந்தனர். ஜோர்ஜியாவிலே பிறந்து ஸ்பெயினிற் குடியேறிய எலிஸ்பார் உபிலாவா அவர்களுள் ஒருவர்.

ஆகவே, மட்றிட் நகருக்கு அணித்தாக, குவாடராமா மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள கொல்லாடோ மெடியானோ என்ற சிற்றூர் ஆனந்தின் இருப்பிடமாயிற்று. விவாகத்துக்கு முன்பே, அங்கிருந்த வயோதிப ஸ்பானியத் தம்பதியர் அவரைத் தம் பிள்ளைபோல் ஏற்றிருந்தனர். ஸ்பானிய மொழியையும் அவர் நன்றாகப் பேசப் பழகினார். 1996இல் அருணாவைக் கைப்பிடித்தார். சில வாரங்களிலே நடந்த டோட்மண்ட் போட்டியில் கிராம்னிக்குடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். (மருமகள் வந்த ராசி என்று எம்மூர்ப் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள்.)

அருணா சதுரங்க வீராங்கனை அல்லர். ஆயினும், கணவருடைய தொழிலின் மறுபாதி அவருடைய கைக்கு வந்தது. அழைப்புக்கு மறுமொழி எழுதுதல், ஒப்பந்த வாசகங்களைப் படித்து வாதாடுதல், விசா, விமானச்சீட்டு, விடுதி என்பவற்றை ஏற்பாடு செய்தல், ஆட்டநாளிலே பத்திரிகையாளர் அண்டாமற் காத்தல் யாவும் அவருடைய பொறுப்பாயின. இதனை 'உடன் சென்ற மனைவி' என்ற மூன்று சொற்களில் அடக்கிவிடுவது எம்மவர் வழக்கம். இதே வேலையை வேறொருவர் செய்தால் முகாமையாளர் என்று பெயரிட்டுச் சம்பளமும் கொடுத்திருப்போம்.

அவ்வேலையின் கடுமை 2010 ஏப்ரலிலே வெளிப்பட்டது. பல்கேரியாவின் சோபியா நகரில் டோப்பலோவுக்கு எதிராக உலகப் பட்டத்தைக் காக்க வேண்டிய வேளை. ஐஸ்லாந்தின் எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பிய விமானங்கள் நின்றன. ஆனந்த் பிராங்பேட்டிலே அகப்பட்டுக்கொண்டார். மூன்று நாள் அவகாசம் கேட்டதற்கு, ஒரு நாளே தரப்பட்டது. வாகனம் ஒன்றை அமர்த்தி, ஆஸ்திரியா, ஹங்கேரி, ருமேனியா வழியாக ஏறத்தாழ 40 மணி நேரம் தரைவழியே சென்றார்கள். முதல் ஆட்டத்திலே தோல்வி. எனினும் பன்னிரண்டாவதும் இறுதியுமான ஆட்டத்தைக் கறுப்புக் காய்களால் வென்று, 6½–5½ என்ற கணக்கிலே பட்டத்தைக் காத்தார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே தாய்நாட்டிலிருந்து வேறொரு சோதனை வந்தது. உலகக் கணித அறிஞர் மாநாட்டை ஒட்டி, ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஆனந்துக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்க எண்ணியது. அவர் ஸ்பெயினில் வசிக்கிறாரே, இந்தியப் பிரசைதானா என்று மத்திய அமைச்சு ஐயம் எழுப்பியது! கடவுச்சீட்டின் பிரதியை அருணா அனுப்பிய பின்னரும் ஐயம் தீரவில்லை. செய்தி வெளியாகி ஆரவாரம் எழுந்தபின், அமைச்சர் கபில் சிபல் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தார். ஆனந்த் பட்டத்தை ஏற்கவில்லை. ஆயினும் மாநாட்டுக்கு வந்து, 40 பேருடன் ஏககாலத்தில் ஆடினார். பள்ளிச் சிறுவன் ஒருவன் மாத்திரம் ஆட்டத்தைச் சமன் செய்தான்.

பிரசாவுரிமை என்ற சொல்லின் கனத்தை இலங்கைத் தமிழருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால், பிறந்த மண்ணிலேயே நாடற்றவரான மலையக மக்கள் பல இலட்சம். அவர்களது துயரத்தோடு ஓர் உலக வீரரின் மனத்தாங்கலை ஒப்பிடுவது பொருந்தாதுதான். ஆனால், ஒருவருடைய பிரசாவுரிமையை ஐயுறும் பார்வை இரண்டிடத்தும் உண்டு. ஒவ்வொரு வெற்றியின்போதும் இந்தியக் கொடியைத் தன் அருகே வைத்துக்கொண்டவரிடம், கொடி யாருடையது என்று கேட்டார்கள்.

2011இல் மகன் பிறந்தபின், சென்னையே மீண்டும் அவர்களுடைய முதன்மையான இல்லமாயிற்று. 2013இல் அதே சென்னையில் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். பின்வந்தவர்களுக்குக் குடிபெயரும் தேவையும் குறைந்தது; கணினியும் இணையமும் ஐரோப்பாவின் பயிற்சியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டன. சென்னையிலே பிறந்து அங்கிருந்தே ஆடிவரும் டி. குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரிலே, 18 வயதில் உலக வீரரானார். அவருக்காக ஊர் ஊராகப் பயணம் செய்தவர் தந்தையார். காது, மூக்கு, தொண்டைச் சத்திர சிகிச்சை நிபுணர். மகனுடன் செல்வதற்காகத் தமது வைத்தியத் தொழிலை நிறுத்தி வைத்தார். வீட்டுச் செலவைத் தாயாரின் உத்தியோகம் தாங்கிற்று.