மூச்சுக்குழாய்ப் பரிசோதனைக்கு எவ்வளவு மயக்கம் தேவை?



“மூச்சுக்குழாயில் டியூப் விட்டுப் பார்க்க வேண்டும்” என்று டாக்டர் சொன்னதும் பலர் பயந்து, நாளைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் காசநோயும் புற்றுநோயும் நமக்காகக் காத்திருப்பதில்லை. தாம்பரம், பொத்தேரி வட்டாரத்தில் உங்களுக்குத் தெரிந்தவர்களிலும் இப்படித் தயங்குகிறவர்கள் இருக்கக்கூடும். ஆகவே இப்பரிசோதனையில் நோயாளிக்குத் தரப்படும் மயக்க முறைகளை இங்கே விளக்குகிறோம்.

1928-ல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கிய நாட்களில், மூச்சுக்குழாய்க்குள் பார்க்க வளையாத உலோகக் குழாய் மட்டுமே இருந்தது. 1960-களில் ஜப்பானிய மருத்துவர் ஷிகெட்டோ இகேடா வளையும் குழாயை உருவாக்கினார். இன்று அதன் நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்தி, நெஞ்சின் நடுவிலுள்ள நெறிக்கட்டியிலிருந்து ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கிறார்கள். இதற்கு ‘இபஸ்’ என்று பெயர். நெஞ்சைக் கீறித் திறக்க வேண்டியதில்லை.

முதல் முறை, லிக்னோகெய்ன் மருந்தால் தொண்டையை மட்டும் மரத்துப்போகச் செய்வது. நோயாளி விழித்திருப்பார், இருமல் வரும். ஆனால் மூச்சு அடங்கும் அபாயம் இல்லை, செலவும் குறைவு. சாதாரணப் பரிசோதனைகள் நம் நாட்டில் பல இடங்களில் இப்படியே நடைபெறுகின்றன.

இரண்டாவது அரைமயக்கம். மிடசோலம் பயத்தைத் தணிக்கும். ஃபென்டனில் வலியையும் இருமலையும் குறைக்கும். கூப்பிட்டால் நோயாளி பதில் சொல்வார். இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். ஆனால் இரண்டுக்கும் முறிவு மருந்து உண்டு. டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்து இயல்பான உறக்கத்தைப் போன்ற நிலையைத் தரும். மூச்சை அதிகம் அடக்காது. ஆனால் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கக்கூடும்.

மூன்றாவது, புரொபோஃபால் தரும் ஆழ்ந்த மயக்கம். விரைவில் உறக்கம் வரும், நிறுத்தினால் விரைவில் தெளியும். ஆனால் இதற்கு முறிவு மருந்து இல்லை. ஆகவே மயக்க மருந்து நிபுணர் அருகிலேயே இருக்க வேண்டும்.

ஆழ்ந்த மயக்கமே சிறந்ததா? இபஸ் செய்துகொண்ட 149 பேரை இரு பிரிவாக்கி ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2015-ல் வெளியானது. முழு மயக்கத்திலும் அரைமயக்கத்திலும் நோயைக் கண்டறிந்த அளவு ஏறக்குறைய ஒன்றே: சுமார் 70 சதவீதம். ஆகவே நோயாளியின் வயது, இருதய நிலை, பரிசோதனைக்கு ஆகும் நேரம் ஆகியவற்றைப் பார்த்தே டாக்டர் முறையைத் தேர்ந்தெடுக்கிறார்.

ஒன்றை மறக்க வேண்டாம். மூச்சு போகும் வழியிலேயே குழாயும் போகிறது. எந்த மருந்தானாலும் ஆக்ஸிஜன், மானிட்டர், நோயாளியின் மூச்சை மட்டுமே கவனிக்க ஒருவர் ஆகியவை அவசியம்.

பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். குறட்டை, இருதய நோய், இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தொண்டையின் மரப்பு நீங்கும்வரை தண்ணீரும் குடிக்கக்கூடாது. மயக்க மருந்து பெற்றவர் அன்று வண்டி ஓட்டாமல், துணையோடு வீடு திரும்ப வேண்டும்.

உங்கள் சபையில் யாராவது பயத்தினால் இப்பரிசோதனையைத் தள்ளிப்போட்டிருந்தால், இந்தப் பக்கத்தை அவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.