புகை அலாரம்: 2027 கெடுவும் வாசகர் சந்தேகங்களும்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், வாடகைக்கு விடும் வீடுகளுக்கும் விற்கும் வீடுகளுக்கும் 2022 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள புகை அலாரம் விதி, 2027 ஜனவரி 1 முதல் சொந்த வீட்டில் குடியிருப்போரையும் கட்டுப்படுத்தும்.

ஹாலில் ஒரு அலாரம் நன்றாக வேலை செய்கிறது. அது போதாதா?

போதாது. ஒவ்வொரு படுக்கையறையிலும், அவற்றை மற்ற பகுதிகளோடு இணைக்கும் நடைவழியிலும், ஒவ்வொரு தளத்திலும் அலாரம் வேண்டும். ஒன்று ஒலித்தால் எல்லாமே ஒலிக்க வேண்டும். விதியின் உயிர்நாடியே இதுதான். 2011 ஆகஸ்டில் பிரிஸ்பேனுக்குத் தெற்கே ஸ்லாக்ஸ் கிரீக்கில் நள்ளிரவில் ஒரு வீடு தீப்பற்றி 11 பேர் இறந்தனர், பெரும்பாலோர் குழந்தைகள். அந்த மரணங்கள் பற்றிய விசாரணைதான் சட்டத் திருத்தத்துக்கு வழிவகுத்தது. தூங்குகிறவரைப் புகை வாசனை எழுப்பிவிடும் என்று நம்பக்கூடாது. அறைக்கதவைச் சாத்தியிருந்தால் ஹாலில் அடிக்கும் அலாரமும் சரியாகக் கேட்காது.

எந்த வகையை வாங்குவது?

ஃபோட்டோஎலக்ட்ரிக் வகை மட்டும். மெத்தையும் சோபாவும் கனன்று புகையும்போது இது சீக்கிரம் கண்டுகொள்ளும். பழைய அயனி வகை அதில் தாமதிக்கும், ரொட்டி கருகினாலோ வீணாக அலறும். ஏஎஸ் 3786-2014 தரக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் எலக்ட்ரீஷியன் வேண்டுமா?

10 ஆண்டு பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய, வயர்லெஸ் மூலம் இணையும் அலாரங்களை நீங்களே மாட்டலாம். மின் இணைப்பில் ஓடும் பழைய அலாரத்தை மாற்றினால், அங்கே மின் இணைப்பு அலாரமே வர வேண்டும். அது உரிமம் பெற்றவரின் வேலை. வெவ்வேறு கம்பெனி அலாரங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று பேசாது. அதனால் ஒரே கம்பெனியில் மொத்தமாக வாங்குவதே நல்லது. மின்விசிறி இறக்கையிலிருந்து 40 செ.மீ., விளக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி மாட்டுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலையா?

இல்லை. அவ்வப்போது டெஸ்ட் பொத்தானை அழுத்தி, எல்லா அறையிலும் ஒலிக்கிறதா என்று கேளுங்கள். தூசியையும் ஒட்டடையையும் வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். வயதானவர்கள் ஏணி ஏற வேண்டாம்; ரிமோட்டில் சோதிக்கும் மாடல்கள் கிடைக்கின்றன. வாடகை வீட்டில் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது சோதித்துச் சுத்தம் செய்வது குடியிருப்பவர் பொறுப்பு. புதிய ஒப்பந்தம் தொடங்குமுன் 30 நாளுக்குள் அதைச் செய்வது உரிமையாளர் பொறுப்பு.

அலாரத்தின் ஆயுள் பத்து ஆண்டு என்பது வாங்கிய நாளிலிருந்தா?

தயாரித்த நாளிலிருந்து. தேதி அலாரத்தின் பின்பக்கம் இருக்கும். மாட்டுவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.